நாலாவது புகைப்போக்கி

மூவாயிரத்தில் ஒரு பங்காக வார்த்த எம்டன் என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல் நான்கு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அசல் கப்பல் 118 மீட்டர். அதே கணக்கில் பினாங்கின் ஜார்ஜ் டவுனுக்கும் பட்டர்வொர்த்துக்கும் இடையே ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் அகலமுள்ள நீரிணை ஒரு மீட்டராகி, எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அடங்கிவிடுகிறது. பொம்மைக் கப்பல் போர்களில் இது லேசில் வாய்க்காது. பெரும்பாலும் கப்பலுக்கு ஓர் அளவு, கடலுக்கு வேறோர் அளவு. கப்பல்கள் தீவு தீவாகப் பருத்து நிற்கும். பினாங்கில் இரண்டும் அச்சாகப் பொருந்துகின்றன.

மேசைமேல் நடப்பது 1914 அக்டோபர் 28, விடியுமுன். எம்டனை ஓட்டுபவன் பினாங்குக்காரனான நான். பினாங்கைக் காப்பவர் சென்னையில் இருக்கிறார். அந்த ஆண்டு செப்டம்பர் 22 இரவு இதே எம்டனிடம் குண்டடி பட்ட ஊர். இங்கே இரவு பத்து, அங்கே ஏழரை.

எம்டனுக்குப் புகைப்போக்கி மூன்று. யார்மவுத் என்ற ஆங்கிலேயக் கப்பலுக்கு நான்கு. எம்டனின் கேப்டன் ஃபான் முல்லர் கித்தானில் போலியாக நாலாவதைச் செய்து நிறுத்தி, நண்பன்போல் துறைமுகத்துக்குள் நுழைந்தார். எதிரெதிரே உட்கார்ந்து ஆடினால் இந்த வேடம் செல்லாது. மேசையைச் சுற்றி நின்று மேலிருந்து பார்ப்பவர் யாரை நம்பி ஏமாறுவார்?

இணையத்தில் செல்லும். மேலே கம்பத்தில் மாட்டிய கைபேசியை முதலில் மூடிவைக்கிறேன். இன்னொன்றை நீலத் துணியோடு துணியாகக் கிடத்தி, துறைமுகத்தில் நின்ற ரஷ்யக் கப்பல் ஷெம்சுக்கின் தளத்திலிருந்து வடக்கே பார்ப்பதுபோலத் திருப்புகிறேன். அறை விளக்கை அணைத்து, பின்னால் மட்டும் சின்ன விளக்கு. கப்பல் நிழலுருவமாக வருகிறது. நாலாவது புகைப்போக்கி, ஊதுபத்தியின் அடிக்குச்சியில் நறுக்கிய துணுக்கு. பசைகூட இல்லாமல் செருகியது. சென்னையிலிருந்து குரல் தயங்குகிறது: "நாலு தெரியுது சார்... நம்ம கப்பல்தானே?" அந்தத் தயக்கத்துக்காகத்தான் இவ்வளவு ஏற்பாடும்.

இப்படி மறைத்து ஆடுவது புதிதல்ல. பிரஷ்ய ராணுவத்தில் ரைஸ்விட்ஸ் 1824இல் வகுத்த போர் விளையாட்டில் எதிரியின் படையில் கண்ணுக்குத் தெரிவதை மட்டுமே நடுவர் ஒருவர் வரைபடத்தில் காட்டுவார். கண்ணுக்கு எட்டாததை ஊகிப்பதுதான் தளபதியின் வேலை என்று ரைஸ்விட்ஸுக்குத் தெரிந்திருந்தது. 1828இல் சென்னையும் ஹைதராபாத்தும் கடிதம் வழியே சதுரங்கம் ஆடின. சென்னைத் தரப்பில் குலாம் காசிம். சதுரங்கத்தில் எல்லாக் காயும் கண்ணெதிரே இருப்பதால், தூரம் அங்கே காத்திருப்பை மட்டுமே கூட்டியது. எங்கள் ஆட்டத்துக்கோ தூரம் இருளையும் தருகிறது. எல்லாவற்றையும் கணினித் திரையிலேயே நகர்த்தும் வகை எனக்கு ஒட்டுவதில்லை. அதில் குச்சித் துணுக்கை நகத்தால் எடுத்துப் போடும் கணம் கிடையாதே!

அதை எடுத்ததும் ஜெர்மானியக் கொடி ஏறும், டார்பிடோ புறப்படும். சில நூறு மீட்டர்தான், மேசையில் ஒரு சாண்கூட வராது. பகடை என் கண்ணெதிரே நின்றுவிட்டது. சென்னைத் திரையில் இன்னும் உருள்கிறது. அவர் கூவுவதற்குள் விளைவு எனக்கு மட்டும் தெரிந்த அந்த அரை நொடியை எந்த விதியும் வகுத்துத் தரவில்லை. பிறகு, "சரியான எம்டன் சார் நீங்க!"

இரண்டாவது டார்பிடோவில் ஷெம்சுக் மூழ்கியது வரலாறு. வெளியே பிரெஞ்சுக் கப்பல் முஸ்கே வந்து மாட்டிக்கொள்வதையும் ஆடலாம். அது வெறும் பீரங்கிக் கணக்கு, சீக்கிரம் முடிந்துவிடும். ஷெம்சுக்கின் கேப்டன் அந்த இரவு கப்பலில் இல்லை. கரையில், இ அண்ட் ஓ ஓட்டலில் இருந்தார் என்று ஊரில் சொல்வார்கள். அதனால் எங்களுக்குள் ஒரு விதி: நடுவில் இணைப்பு அறுந்தால் ஆட்டம் நிற்காது. அறுந்த பக்கத்தின் முறை கழிந்துவிடும். குறிப்பேட்டில் அதற்கு நேரே, "கேப்டன் இ அண்ட் ஓ போயிருக்கிறார்" என்று எழுதிக்கொள்கிறோம்.