பழைய பென்டியத்துக்கு ஒரு குட்டிக் கார்ட்

பழைய கம்பியூட்டர் வைத்திருக்கும் எவரைக் கண்டாலும் நான் சொல்வது ஒன்றுதான்: உள்ளே இரைந்துகொண்டிருக்கும் அந்த ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு, ஒரு கொம்பெக்ட் பிளாஷ் கார்டைப் போடுங்கள். இவ்வளவு சின்னச் செலவில் இவ்வளவு பெரிய சந்தோஷத்தைத் தந்த சாமான் என் மேசையில் வேறெதுவும் இல்லை.

என்னிடம் இருப்பது ஒரு பென்டியம் 2. இறக்குவானைப் பக்கம் ஒரு கொமியூனிகேசன் கடையில் பல வருடம் உழைத்த பெட்டி. கடையை மூடியபோது என்னிடம் வந்தது. விண்டோஸ் 98, பேஜ்மேக்கர், பாமினி எழுத்துரு எல்லாம் அப்படியே இருந்தன. அதைவிடப் பெரிய சொத்து அதிலிருந்த கோப்புகள். மாரியம்மன் திருவிழா நோட்டீஸ், காமன் கூத்து அறிவித்தல், பூப்புனித நீராட்டு விழா அழைப்பிதழ், தோட்டப் பாடசாலை விளையாட்டுப் போட்டி நிகழ்ச்சிநிரல், மரண அறிவித்தல். மேற்கணக்கு, கீழ்க்கணக்கு என்று தோட்டப் பிரிவுவாரியாகப் பிரித்து, எந்த லயத்தில் யார் உபயம் என்பதுவரை அடித்து வைத்திருக்கிறார்கள். நம் தோட்டங்களின் அன்றாட வாழ்க்கை இவ்வளவு நுணுக்கமாக வேறெங்கே பதிவாகியிருக்கிறது?

அதையெல்லாம் சுமந்துகொண்டிருந்தது வயதான ஒரு ஹார்ட் டிஸ்க். எங்கள் சப்ரகமுவ மாகாணம் அதற்கு இரக்கம் காட்டும் இடமல்ல. இரத்தினபுரியில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்யும். அலுமாரியில் வைத்த பிளொப்பியின் காந்தத் தட்டிலும் பூஞ்சணம் பூக்கும். சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேரமானால் இடி, மின்னல். கரண்ட் போய்ப் போய் வரும்.

இந்த இடத்தில்தான் கார்ட் தன் அருமையைக் காட்டுகிறது. கொம்பெக்ட் பிளாஷை 1994இல் சான்டிஸ்க் நிறுவனம் கொண்டுவந்தது. நெருப்புப்பெட்டியை விடச் சின்னது; உள்ளே சுழலவோ உரசவோ எதுவும் இல்லை. கமராவுக்கென்று பெயர்பெற்ற இந்தக் கார்டுக்கு, பழைய ஹார்ட் டிஸ்க்குகள் பேசும் ஐடிஈ மொழி பிறப்பிலேயே தெரியும். ஆகவே 40 பின் அடாப்டர் ஒன்றில் செருகி, பழைய ரிப்பன் கேபிளிலும் பவர் கேபிளிலும் மாட்டினால் போதும். பயோஸ் அதை ஹார்ட் டிஸ்க் என்றே ஏற்றுக்கொள்ளும். தனி டிரைவர் எதுவும் வேண்டாம். இருபதாண்டுக்கு மேற்பட்ட பெட்டி, ஒரு சத்தமும் இல்லாமல் விண்டோஸ் 98 திரைக்கு வந்து நின்றபோது எனக்குக் கைதட்ட வேண்டும் போலிருந்தது!

பெட்டியின் பின்பக்கத் தகட்டில் பொருத்தும் அடாப்டரையே வாங்குங்கள். கார்டின் வாய் வெளியே இருப்பதால், மூடியைத் திறக்காமலே கழற்றி மாட்டலாம். ஒரு கார்டில் டொஸ் 6.22ஐயும் பிள்ளைகளுக்குப் பிடித்த பிரின்ஸ் ஒஃப் பேர்சியாவையும் வைத்திருக்கிறேன். இன்னொன்றில் டைப்செட்டிங் வேலை. மூன்றாவது சோதனை செய்து பார்க்க. அதில் என்ன உடைந்தாலும் கவலையில்லை. பெட்டி ஒன்று, கார்டை மாற்றினால் ஆள் வேறு!

அந்தக் காலத்திலும் இப்படிக் கழற்றி மாட்டும் ஆசை இருந்தது. 1995இல் விற்பனைக்கு வந்த ஐயோமெகா நிறுவனத்தின் சிப் டிரைவ் அதற்குத்தான் பிறந்தது. ஒரு தட்டில் 100 மெகாபைட், கிட்டத்தட்ட 70 பிளொப்பிக்குச் சமம். பிரிண்டர் மாட்டும் துளையிலேயே மாட்டலாம். அழகான யோசனை, நான் இன்றும் மதிக்கிறேன். ஆனால் அதுவும் காந்தத் தட்டுத்தான். டிரைவின் தலை பழுதாகிக் கிளிக் கிளிக் என்று அடிக்கத் தொடங்கினால் தட்டும் தப்பாது.

பிளொப்பி டிரைவின் இடத்தில் கோடெக் என்ற சிறு பெட்டியை வைத்திருக்கிறேன். பென் டிரைவ் ஒன்றைச் செருகினால், அதிலுள்ள ஒவ்வொரு பிளொப்பிப் படியையும் 1.44 மெகாபைட் பிளொப்பி என்று கம்பியூட்டருக்குக் காட்டும். கியர் பிரேசர் எழுதி இலவசமாகத் தந்திருக்கும் பிளாஷ்பிளொப்பி மென்பொருளை அதில் ஏற்றி, எழுத்துக் காட்டும் சிறு திரை ஒன்றையும் பொருத்தினால், அதில் கோப்பின் பெயரே வரும். பூஞ்சணம் பிடிக்க முன் காப்பாற்றிய பிளொப்பிகள் எல்லாம் இப்போது ஒரே பென் டிரைவில் இருக்கின்றன.

செய்ய நினைப்பவர்கள் சிலவற்றைக் கவனியுங்கள். பெட்டி ஓடும்போது கார்டை இழுக்கக் கூடாது; பவரை நிறுத்திவிட்டே மாற்ற வேண்டும். 486 காலத்துப் பயோஸ் பல 504 மெகாபைட்டுக்கு மேல் பார்க்காது. அவற்றுக்கு 512 மெகாபைட் என்று விற்கும் கார்ட் சரியாகப் பொருந்தும். டொஸ் 6.22க்கு ஒரு பகுதி 2 ஜிகாபைட்டைத் தாண்டக் கூடாது. விண்டோஸ் 98க்கு 4 ஜிகாபைட் தாராளம். விலை கூடினாலும் தொழிற்சாலை இயந்திரங்களுக்கென்று செய்த கார்டையே தேடுங்கள். சாதாரணக் கார்ட் சில, தன்னை ஹார்ட் டிஸ்க் என்று அறிமுகம் செய்யாமல் தகராறு செய்யும். பாகங்கள் தேடிக் கொழும்புக்குப் போகிறவர்கள் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் ஏறி இறங்கலாம்.

எல்லாவற்றிலும் பெரிய வரம், இந்தக் கார்ட் இன்றைய லெப்டொப்போடும் பேசும். யூஎஸ்பி ரீடரில் போட்டு, முழுக் கார்டையும் அப்படியே ஒரு கோப்பாகப் படியெடுத்து வைக்கிறேன். நாளை இடி விழுந்து கார்ட் பழுதானாலும், வேறு கார்டில் அந்தப் படியை எழுதினால் பழையபடி எல்லாம் எழுந்து வரும்.

பாமினியில் அடித்தது, அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். மாற்றியில் கொடுத்தால் நொடியில் யூனிகோட் தமிழாகிவிடும். அப்படி மாற்றிய நோட்டீஸ்களை இப்போது வருடவாரியாக அடுக்கிக்கொண்டிருக்கிறேன். ஈழத்து எழுத்துகளை 2005 முதல் எண்ணிமமாக்கிவரும் நூலகம் திட்டம் போன்ற இடங்களில் நம் தோட்டத்து நோட்டீசும் இருக்க வேண்டும் என்பது என் பெரிய ஆசை.

பலாங்கொடையிலோ காவத்தையிலோ யட்டியாந்தோட்டையிலோ, மூடிய கடையொன்றின் பரணில் இப்படி ஒரு பெட்டி கிடந்தால், தயவுசெய்து பழைய இரும்புக்குப் போடாதீர்கள். சுவிட்சைப் போட்டுப் பார்க்கவும் அவசரப்பட வேண்டாம். முதலில் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, ஐடிஈ-யூஎஸ்பி கேபிள் வழியாக லெப்டொப்பில் முழுப்படி எடுங்கள். பிறகு ஒரு கார்டில் அதை எழுதி மாட்டுங்கள். ஒரு பின்னேர வேலைதான். அதில் ஒரு தோட்டத்தின் இருபது வருடம் மிஞ்சும்.