மின்சுற்றுப் பலகைக் கோப்பு மாற்றம்: ஒரு திறனாய்வு

மின்சுற்றுப் பலகையின் (பி.சி.பி.) வடிவமைப்பு கணினியில் முடிந்தபின் இரண்டு இடங்களுக்குச் செல்கிறது. ஒன்று பலகையைச் செய்யும் தொழிற்கூடம். மற்றொன்று அதற்குப் பெட்டி வரையும் இயந்திரப் பொறியாளர். தொழிற்கூடத்துக்குக் கெர்பர் கோப்பும், பெட்டி வரைபவருக்கு டி.எக்ஸ்.எஃப். அல்லது ஸ்டெப் கோப்பும் ஏற்றவை. திரையில் எல்லாம் ஒன்றுபோலத் தெரிவதால் ஒன்றின் இடத்தில் மற்றொன்றை அனுப்பிவிடும் ஆபத்து உண்டு.

டி.எக்ஸ்.எஃப். வடிவத்தை ஆட்டோடெஸ்க் நிறுவனம் 1982இல் ஆட்டோகேடுடன் வெளியிட்டது. கோடு, வட்டம், வில் ஆகியவையே அதற்குத் தெரியும். செம்பு என்பது அதன் அகராதியில் இல்லை. 0.25 மி.மீ. அகலத் தடத்தைச் சில ஏற்றுமதிகள் வெறும் நடுக்கோடாகவும், சில இருபுற விளிம்புகளாகவும் எழுதுகின்றன. விளிம்புக்குள் செம்பு உண்டா, இல்லையா என்பது பெறுபவரின் ஊகத்துக்கு விடப்படுகிறது. அலகைக் குறிக்காமல் அனுப்பினால் 100 மி.மீ. பலகை 100 அங்குலமாக, அதாவது 2.54 மீட்டராகத் திறக்கலாம். இது சிரித்துவிட்டுத் திருத்திக்கொள்ளும் பிழைதான். வெளிவிளிம்பையும் திருகுத் துளைகளையும் மட்டும் அனுப்புவதற்கு டி.எக்ஸ்.எஃப். போதும், அதில் குறை சொல்ல ஏதுமில்லை.

பெட்டியின் மூடி மின்தேக்கியில் இடிக்குமா என்று பார்க்க உயரம் வேண்டும். அதற்கு ஐ.எஸ்.ஓ. 10303 தரத்தின்படி அமைந்த ஸ்டெப் கோப்பு உதவும். கிகேட் போன்ற மென்பொருள்கள் அதை நேரடியாகவே தருகின்றன. ஆனால் முப்பரிமாண மாதிரி இணைக்கப்படாத உறுப்பு அக்கோப்பில் வராது. அந்த இடம் காலியாகத் தோன்றும். காலியிடம் என்று நம்பிப் பெட்டி செய்தால் இழப்பு பணத்தில்தான் தெரியும்.

கெர்பர் என்பது வியன்னாவில் பிறந்து அமெரிக்காவில் தொழில் நடத்திய ஜோசப் கெர்பரின் பெயர். அவரது நிறுவனத்தின் ஒளிவரைவி, குறிப்பிட்ட அளவுள்ள திறப்பின் வழியே ஒளியைப் பாய்ச்சிப் படச்சுருளில் தடத்தை வரைந்தது. திறப்பின் அளவே தடத்தின் அகலம். டி.எக்ஸ்.எஃப். தவறவிடுவதைக் கெர்பர் தாங்கி நிற்பது இந்தப் பிறப்பினால்தான். பழைய ஆர்.எஸ்.-274-டி வடிவத்தில் திறப்புப் பட்டியல் தனிக் கோப்பாக இருந்தது. அது தொலைந்தால் மற்றதெல்லாம் பயனற்றது. 274-எக்ஸ் அப்பட்டியலை உள்ளே சேர்த்தது. எந்தக் கோப்பு எந்த அடுக்கு என்பதையும் கோப்பே சொல்லும் வசதி 2014இல் எக்ஸ்2 வடிவத்தில்தான் வந்தது. முப்பது ஆண்டுக்கு முன்பே வந்திருக்க வேண்டிய வசதி அது.

கீழ் அடுக்கைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பி அனுப்புவது இன்னொரு பிழை. கெர்பரில் எல்லா அடுக்குகளும் மேலிருந்து பார்ப்பதாகவே அமைய வேண்டும்.

துளைகளுக்கான எக்செலான் கோப்பில் நிலைமை இன்னும் மோசம். இரண்டு முழு இலக்கம், நான்கு தசம இலக்கம் என்ற அமைப்பில் '015' என்று இருந்தால், பின்பூச்சியங்கள் விடப்பட்டவை என்று கொண்டால் 1.5 அங்குலம், முன்பூச்சியங்கள் விடப்பட்டவை என்று கொண்டால் 0.0015 அங்குலம். ஏற்றுமதி செய்யும்போது தசமப் புள்ளியுடன் எழுதும் விருப்பத்தைத் தேர்ந்தெடுத்தால் இந்தக் குழப்பம் எழாது.