விளையாட்டின் விதிகளை வகுப்பவர் யார்?

சென்ற தவணை விடுமுறையில் நண்பர்கள் மூவர் என் வீட்டிற் கூடியிருந்தனர். நாவலிலும் சினிமாவிலும் தொடங்கிய பேச்சு கணினி விளையாட்டுகளிற் போய் நின்றது. கணித ஆசிரியரான ஒருவர் விளையாட்டின் உயிர் அதன் அமைப்பே என்றார். விதிகள் செம்மையாக இருந்தாற் கதை எதுவாயினும் ஆகுக என்பது அவர் கட்சி. தமிழ் கற்பிக்கும் மற்றவர், கதையும் பாத்திரமும் இல்லாத விளையாட்டு வெறும் பொழுதுபோக்கே என வாதிட்டார். மென்பொருள் நிறுவனமொன்றிற் பணிபுரியும் மூன்றாமவர் நெடுநேரம் வாளாவிருந்துவிட்டு, "இவற்றைச் செய்பவர்களுக்கு என்ன சம்பளம், எத்தனை மணி நேர வேலை என்று நீங்கள் ஒருவரும் கேட்கவில்லையே" என்றார்.

நம் இலக்கிய உலகில் நெடுங்காலம் நடந்த உருவம், உள்ளடக்கம் பற்றிய விவாதமே வேறு வேடம் புனைந்து வந்ததாக எனக்குத் தோன்றியது. கணினி விளையாட்டு என்றதும், மாணவரைக் கெடுக்கும் நஞ்சு என முகஞ்சுளிப்பது ஆசிரியர்களாகிய நம்மிற் பலரது வழக்கம். நாவலும் சினிமாவும் தம் இளமைக் காலத்தில் இதே பழியைச் சுமந்தவைதாம். கோடிக்கணக்கான இளைஞர் தம் ஓய்வு நேரத்தைச் செலவிடும் ஒரு கலையை விமர்சனத்துக்குப் புறத்தே நிறுத்திவைப்பது சமுதாய நோக்குடையோர்க்கு அழகன்று.

2013 ஓகஸ்டில் வெளிவந்த 'பேப்பர்ஸ், பிளீஸ்' என்னும் விளையாட்டை எடுத்துக்கொள்வோம். யப்பானில் வாழ்ந்த அமெரிக்கரான லூக்காஸ் போப் ஏறத்தாழத் தனியொருவராகவே இதனை ஆக்கினார். காலம் 1982, இடம் ஆர்ஸ்டோட்ஸ்கா என்னும் கற்பனை நாட்டின் எல்லைச் சாவடி. ஆடுபவர் அங்கே கடவுச்சீட்டுப் பரிசோதகர். பிழையின்றிப் பரிசோதிக்கும் ஒவ்வொருவருக்கும் ஐந்து நாணயம் கூலி. ஒரு நாளின் முதலிரு பிழைகளுக்கு எச்சரிக்கை; அதற்குமேல் அபராதம். வாடகை, உணவு, குளிர்காய எரிபொருள், மருந்து யாவும் அக்கூலியிலிருந்தே பெறப்படவேண்டும். தவறினால் மனைவி, மகன், மாமியார், மாமன் என்போர் நோயுற்று இறக்கவும் நேரும். நாளுக்கு நாள் புதிய விதிகள் வந்துசேரும், பார்க்கவேண்டிய பத்திரங்கள் பெருகும், நேரமோ கூடுவதில்லை.

ஒரு நாள் சரியான பத்திரங்களுடன் ஒருவன் வருகிறான். அடுத்து வருபவள் தன் மனைவி எனவும், அவளிடம் இரக்கம் காட்டுமாறும் வேண்டிச் செல்கிறான். அவளிடமோ நுழைவு அனுமதிப் பத்திரம் இல்லை. திரும்பிச் சென்றாற் கொன்றுவிடுவார்கள் என்கிறாள். அன்று ஏற்கெனவே இரு பிழைகள் விட்டிருப்பவர் அவளை உள்ளே விட்டால் அபராதம் செலுத்தவேண்டும். வீட்டிலே மகனுக்குக் காய்ச்சலாகவும் இருக்கலாம்.

இங்கே கதை எது, அமைப்பு எது? இக்காட்சியைச் சிறுகதையாகப் படித்தால் அப்பெண்ணுக்காகக் கண்கலங்குவோம், பரிசோதகனைச் சபிப்போம், நம் நல்ல மனத்தை எண்ணித் திருப்தியும் அடைவோம். விளையாட்டிலே அத்திருப்தி கிட்டுவதில்லை. கூலிக் கணக்கைப் பார்த்துவிட்டு அவளைத் திருப்பியனுப்பியவர் நாமே. பின்னொரு நாள் காவலன் ஒருவன் வந்து, கைது செய்யப்படுவோர் தொகை கூடினால் தனக்குக் கிடைக்கும் மேலதிகப் பணத்தில் ஒரு பங்கு தருவதாகக் கூறும்போது, நம் கை தானாகவே கைதுப் பொத்தானை நாடுகிறது. கொடுமை கொடியவர்களால் மட்டும் நிகழ்வதில்லை. கூலி முறையும் தண்டனை முறையும் சாதாரண மனிதரைக் கொண்டே அதனை நாள்தோறும் உற்பத்தி செய்கின்றன. இவ்வுண்மையை எந்தப் பாத்திரமும் வாய்விட்டுச் சொல்வதில்லை. விதிகளே சொல்கின்றன. எனவே இக்கலையில் உருவத்தை விட்டு உள்ளடக்கத்தைத் தனியே பிரித்தெடுத்தல் இயலாது. கணித நண்பரும் தமிழ் நண்பரும் ஒரே பொருளின் இரு பக்கங்களையே பற்றி நின்றனர்.

இது கிழக்கு ஐரோப்பாவைப் பழிக்கும் பனிப்போர்ச் சரக்கு என இடதுசாரி வாசகர் சிலர் கூறக்கூடும். அதன் சாம்பல் நிறக் காட்சிகளும் பெயர்களும் அவ்வுலகை நினைவூட்டுவன என்பது மெய்யே. ஆயினும் தலைக்கு இவ்வளவு என்னும் துண்டுக் கூலி எந்த உலகத்துக்கு உரியது? பத்திரமில்லாத ஏழையைத் திருப்பியனுப்பும் எல்லைச் சாவடிகள் இன்று எந்நாடுகளில் இல்லை? போர்க் காலத்தில் அடையாள அட்டையை நீட்டியபடி வரிசையில் நின்று வளர்ந்தவன் யான். அட்டையை வாங்கிப் பார்த்தவனின் வீட்டில் அன்று அடுப்பு எரிந்ததா என்று ஒருபோதும் எண்ணியதில்லை. அவனை மன்னிக்குமாறு இவ்விளையாட்டு என்னைக் கேட்கவில்லை. அவனை அங்கே நிறுத்திய முறையைக் காணுமாறே கேட்டது.

இனி மூன்றாவது நண்பரின் வினா. எஸ்தோனியாவைச் சேர்ந்த றொபேட் கூர்விட்ஸும் அவர்தம் தோழரும் ஆக்கிய 'டிஸ்கோ எலீசியம்' 2019 இல் வெளிவந்தது. நசுக்கப்பட்ட புரட்சியின் நினைவு ஆறாத ஒரு நகரம். வேலைநிறுத்தத்தில் ஈடுபட்டுள்ள துறைமுகத் தொழிலாளர். தன்னையே மறந்துபோன ஒரு துப்பறிவாளன் ஆகியவற்றைக் கொண்ட ஆக்கம் அது. அவ்வாண்டு விருது விழாவில் நான்கு பரிசுகளை வென்றபோது, ஆக்கியோர் மேடையில் மார்க்ஸுக்கும் ஏங்கெல்ஸுக்கும் நன்றி கூறினர். மூன்றாண்டுகள் செல்லுமுன், கூர்விட்ஸ் உட்பட முதன்மையான மூவர் தம் விருப்பின்றியே அந்நிறுவனத்தை விட்டு நீங்க நேர்ந்தது என்னும் செய்தி 2022 ஒக்டோபரில் வெளியாயிற்று. காரணத்தை இருதரப்பாரும் வெவ்வேறாகக் கூறினர். ஆனால் தாம் படைத்த உலகம் பிறர் உடைமையாக நிற்க, படைத்தவர் வெளியே நின்றனர் என்பதில் ஐயமில்லை. முதலாளித்துவத்தைச் சாடிய படைப்பும் முதலாளித்துவச் சொத்துறவுக்குள்ளேயே பண்டமாயிற்று.

இது தனியொரு நிறுவனத்தின் கதையன்று. 2023 ஒக்டோபரில் மைக்ரோசொப்ட், ஆக்டிவிஷன் பிலிசார்ட் நிறுவனத்தை ஏறத்தாழ 6,900 கோடி டொலருக்கு வாங்கி முடித்தது. 2024 சனவரியிலேயே தன் விளையாட்டுப் பிரிவில் 1,900 பேரை வேலையிலிருந்து நீக்குவதாக அறிவித்தது. அதே ஆண்டு யூலையில், தம் குரலையும் அசைவையும் செயற்கை நுண்ணறிவு கவர்ந்துகொள்ளாதவாறு பாதுகாப்புக் கோரி ஐக்கிய அமெரிக்காவின் நடிகர் சங்கத்தார் விளையாட்டு நிறுவனங்களுக்கெதிராக வேலைநிறுத்தத்தில் இறங்கி, 2025 இல் ஒப்பந்தமொன்றைப் பெற்றனர். திரைக்குள் நாம் காணும் விதிகளை எழுதும் தொழிலாளி, திரைக்கு வெளியே பிறர் எழுதிய விதிகளுக்குட் சிக்கியிருக்கிறான். அவற்றை மாற்றவும் முயல்கிறான்.

ஆகவே ஆசிரியத் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாணவரின் கையிலுள்ள விளையாட்டைப் பறிக்குமுன் அதனை ஒருமுறை ஆடிப் பாருங்கள். அது எச்செயலுக்குப் பரிசளிக்கிறது, எதனைத் தண்டிக்கிறது, அதனைச் செய்தவர் யார், அதன் பயனை அடைபவர் யார் என்னும் வினாக்களை மாணவர்முன் வையுங்கள். ஒரு நாவலை இவ்வாறு ஆராயக் கற்பிக்கும் நமக்கு இது புதிய பாடமன்று. இவ்வினாக்களைக் கேட்கப் பழகிய மாணவன், தான் வாழும் சமுதாயத்தின் விதிகளை நோக்கியும் ஒருநாள் அவற்றையே கேட்பான்.