மேற்கோள் எண்ணிக்கை சொல்லாத சேதி

ஒவ்வோர் ஆண்டும் அந்தப் பட்டியல் வெளிவந்ததும் கல்லூரி வாசல்களில் ஃப்ளெக்ஸ் பேனர் கட்டுகிறார்கள். ‘உலகின் தலைசிறந்த 2 சதவீத விஞ்ஞானிகளில் எங்கள் பேராசிரியர்கள்’ என்று நாளிதழ்களில் விளம்பரம் வருகிறது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகமே ஆளைப் பார்த்துத் தேர்ந்தெடுத்ததாகப் பெற்றோர் நம்புகிறார்கள். உண்மையில், அங்கே பணிபுரியும் ஜான் அயோனிடிஸும் அவருடைய குழுவினரும் எல்சவியர் நிறுவனத்தின் ஸ்கோபஸ் மேற்கோள் தரவிலிருந்து கணக்கிட்டு வெளியிடும் வரிசை அது. அதற்காக யாரும் யாருடைய கட்டுரையையும் படிப்பதில்லை.

இந்தக் கணக்குக்கு ஒரு நியாயம் உண்டு. சிபாரிசும் சாதியும் பதவியைத் தீர்மானிக்கும் இடத்தில், பின்னால் யாரும் இல்லாத இளம் ஆய்வாளருக்கு, கட்டுரைகளையும் அவை பெற்ற மேற்கோள்களையும் எண்ணிச் சொல்லும் எச்-இண்டெக்ஸ் ஒரு பிடிமானம். தன் கட்டுரையைத் தானே மேற்கோள் காட்டுவதைக் கழித்தும் அயோனிடிஸ் குழு கணக்குத் தருகிறது. திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளின் எண்ணிக்கையையும் இப்போது சேர்த்திருக்கிறது. இவை நல்ல திருத்தங்களே.

அடிப்படைக் கோளாறு இவற்றால் தீராது. ஒரு கட்டுரையை இன்னொருவர் எதற்காக மேற்கோள் காட்டினார் என்பது இந்தக் கணக்கில் எங்குமே இல்லை. ஏற்றுக்கொண்டு காட்டினாலும் ஒன்று, பொய் என்று நிறுவக் காட்டினாலும் ஒன்று, படிக்காமலே முன்னுரையில் சேர்த்தாலும் ஒன்று. உயிர்மருத்துவத்தில் இதன் விலையை நோயாளி கொடுக்கிறார்.

இதய ஆய்வாளர் பியேரோ அன்வெர்சாவின் கதையை எடுத்துக்கொள்வோம். 2001இல் அவருடைய குழு ‘நேச்சர்’ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டது. மாரடைப்பு ஏற்படுத்தப்பட்ட எலிகளின் இதயச் சுவரில் எலும்பு மஜ்ஜைச் செல்களை ஊசியால் செலுத்தினார்களாம். ஒன்பதே நாளில், பாதிக்கப்பட்ட பகுதியில் 68 சதவீதம் புதிய இதயத் தசையால் நிரம்பிவிட்டதாம். ஆயிரக்கணக்கானோர் அதை மேற்கோள் காட்டினார்கள். 2004இல் அதே ‘நேச்சர்’ இதழில் இரண்டு தனித்தனிக் குழுக்கள் அந்தச் செல்கள் இதயத் தசையாக மாறவில்லை என்று எழுதின. மறுத்தவர்களும் மூலக் கட்டுரையைக் குறிப்பிட்டாக வேண்டுமே. அந்த மறுப்புகளும் அவர் கணக்கில் வரவாகவே ஏறின. அவர் பின்னர் ஹார்வர்டைச் சேர்ந்த பெரிய மருத்துவமனைக்குப் போனார். இதயத்திலேயே குருத்தணுக்கள் இருக்கின்றன என்ற அவருடைய கொள்கையை நம்பி நோயாளிகளிடம் பரிசோதனைகள் நடந்தன. 2018 அக்டோபரில்தான் ஹார்வர்டு மருத்துவப் பள்ளியும் அந்த மருத்துவமனையும் அவருடைய ஆய்வகத்திலிருந்து வந்த 31 கட்டுரைகளைத் திரும்பப் பெறும்படி இதழ்களைக் கேட்டுக்கொண்டன. அப்போது நடந்துகொண்டிருந்த ஓர் இதயச் செயலிழப்புச் சிகிச்சைப் பரிசோதனையை அமெரிக்க அரசு நிறுத்திவைத்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் மேற்கோள் எண்ணிக்கையைப் பார்த்தவர் கண்ணுக்கு அவர் மேலேறிக்கொண்டேதான் இருந்தார்.

மறுபக்கத்தில் கல்கத்தாவின் காலரா ஆய்வாளர் சம்பு நாத் தே. முயலின் குடலில் ஒரு துண்டை நூலால் கட்டி, காலராக் கிருமிகளை வடிகட்டி நீக்கிய திரவத்தை மட்டும் அதற்குள் செலுத்தினார். கிருமியே இல்லாத அந்தத் திரவத்தால் குடல் நீர்கோத்து வீங்கியது. கிருமி வெளியிடும் நச்சுதான் நோயாளியின் உடல் நீரை வற்றவைக்கிறது என்பதற்கு 1959இல் கிடைத்த சான்று அது. தொடக்க ஆண்டுகளில் அதைக் கவனித்தவர்கள் சிலரே. எந்த இந்திய அறிவியல் கழகமும் உறுப்பினராக்காத நிலையிலேயே அவர் 1985இல் இறந்தார். மேற்கோள் அட்டவணையை உருவாக்கிய யூஜீன் கார்ஃபீல்டே மறு ஆண்டு அவரைப் பற்றித் தனிக் கட்டுரை எழுதினார். தே வேலையில் இருந்த நாளில் இன்றைய பட்டியல் இருந்திருந்தால், அவருக்குப் பதவி உயர்வுகூடக் கிடைத்திருக்காது என்றே நினைக்கிறேன்.

“குறை இருக்கட்டும், வேறு அளவுகோல் ஏது?” என்று கேட்கிறார்கள். என்னால் ஏற்க முடியாத வாதம் இது. ஓர் ஆய்வு முடிவை வேறு ஆய்வகம் தன் கையால் செய்து பார்த்ததா, அப்போதும் அதே விடை வந்ததா என்பதே மருத்துவ அறிவியலின் அளவுகோல். எண்ணுவதைவிட இதைக் கேட்டறிவதற்கு நேரம் அதிகம் பிடிக்கும். அதற்காகத்தான் தேர்வுக் குழு என்று ஒன்று இருக்கிறது. அதில் அமர்கிற பேராசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: விண்ணப்பத்தில் எச்-இண்டெக்ஸ் கட்டத்தை எடுத்துவிடுங்கள். ஐந்து கட்டுரைகளை மட்டும் வாங்கி, முழுதாகப் படித்துவிட்டு, நேர்காணலுக்கு வந்தவரிடம் அவற்றில் எது வெளியார் கையிலும் நிலைத்தது என்று கேளுங்கள்.