சீறாவின் நாட்டுப்படலமும் வீட்டுக் கொல்லையும்

5,027 பாக்களால் இயன்ற சீறாப்புராணத்தின் நாட்டுப்படலத்தில், உமறுப் புலவர் அரபு நாட்டின்மீது தமிழகத்து மழையைப் பொழிவிக்கிறார். மலையில் இறங்கிய வெள்ளம் வயலை அடைகிறது. உழவும் நடவும் அறுவடையும் நிகழ்கின்றன. வற்றாத ஆறொன்றும் இல்லாத நாட்டில் இவை ஏது என வினவுவோர் உளர்.

புலவர் அறியாது பாடினார் என நாம் கருதவில்லை. மக்காப் பள்ளத்தாக்கில் பயிர்விளைவு இல்லை என்பதை இபுறாகீம் நபி (அலை) அவர்களின் இறைஞ்சுதலில் திருமறையே (14:37) காட்டுகிறது. மழைக்கு முன் வீசும் காற்றைக் கூறுமிடத்து (7:57), அதே திருமறை மழையை ‘ரஹ்மத்’ எனக் குறிக்கிறது. அண்ணலாரின் வருகையாகிய அருளைத் தமிழ் உழவர்க்கு உணர்த்தவே புலவர் மழையைத் தேர்ந்தார் என்பது நம் துணிபு.

ஆயினும் குறை ஒன்று உண்டு. அது நூலில் இல்லை, நம்மிடத்தில் உள்ளது. உரைகள் சொற்பொருள் தருகின்றன, பருவத்தைத் தருவதில்லை. நாற்றையும் நடவையும் காணாத மாணவர்க்கு அப்படலம் வெறும் அகராதிப் பாடமாக முடிகிறது. ஆடியில் கொல்லையில் ஊன்றிய அவரை, பந்தல் முழுதும் படர்ந்தும் பூக்காமல் மார்கழிப் பனிக்குக் காத்து நிற்பதைக் கண்ட பிள்ளைக்குப் பருவம் இன்னதென்று விளக்க வேண்டியதில்லை. விதைத்ததில் பறவை உண்பதும் தருமமே என்னும் நபிமொழியும் அப்பந்தலடியிலேயே விளங்கிவிடும்.

சீறாவை நம் இல்லங்களில் மீண்டும் ஓதுவோம். அதற்குமுன் கொல்லையில் நான்கு விதை ஊன்றுவோம்.