மின்னாவணங்களில் கம்போங் ராஜா: தமிழ்த் தேடலும் அதன் தடைகளும்

தமிழ் மின்னாவணங்களைப் பற்றிய கட்டுரைகளும் கருத்தரங்க உரைகளும் பெரும்பாலும் எண்ணிக்கையைச் சுற்றியே அமைகின்றன. எத்தனை நூல்கள் மின்மயமாயின, எத்தனை பக்கங்கள் வலையேறின என்பன போற்றப்படுகின்றன. அப்பக்கங்களுள் தமக்கு வேண்டிய ஒன்றை ஒரு வாசகர் கண்டடைய இயலுமா என்னும் வினா அரிதாகவே எழுப்பப்படுகிறது. அவ்வினாவை ஓர் ஊர்ப்பெயரைக் கொண்டு சோதித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பகாங் மாநிலத்துக் கேமரன் மலையின் வடபகுதியில் அமைந்த சிற்றூர் கம்போங் ராஜா. இதனையடுத்துப் புளூ வேலி தேயிலைத் தோட்டம் உள்ளது. 1885ஆம் ஆண்டு வில்லியம் கேமரன் இம்மலைப்பகுதியை நில அளவை செய்ததும், 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தேயிலை நிறுவனத்தைத் தொடங்கியதும் ஆங்கிலத்தில் தேடுவார்க்கு நொடிப்பொழுதில் கிட்டும் செய்திகள். இம்மலைச்சரிவுகளில் கொழுந்து பறித்த தமிழர்களைப் பற்றித் தமிழில் தேடுவார்க்கோ அவ்வாறு எளிதில் எதுவும் கிட்டுவதில்லை. தமிழில் எழுதப்படாமையே இதற்குக் காரணம் என்று மாணவர்கள் கருதிவிடுகின்றனர். 1924ஆம் ஆண்டு தொடங்கி 2019ஆம் ஆண்டு வரை வெளிவந்த தமிழ் நேசனும், 1935இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய தமிழ் முரசும் தோட்டப்புறச் செய்திகளை வெளியிட்டு வந்தவை. கோயில் திருவிழா மலர்களையும் பள்ளி ஆண்டு மலர்களையும் இவற்றோடு சேர்த்தெண்ண வேண்டும். எழுதப்பட்டது உண்டு, அதனைச் சென்றடையும் வழியே அடைபட்டுள்ளது. ஆவணம் இருந்தும் தேடலில் அகப்படாதபோது, உரிமையாளரின் வரலாறே ஊரின் வரலாறாக மாணவர் கட்டுரைகளில் இடம்பெற்று விடுகிறது.

பெயரும் எழுத்தும்

முதற்சிக்கல் பெயரிலேயே தொடங்குகிறது. 'கம்போங்' என்னும் மலாய்ச்சொல் தமிழில் கம்போங், கம்பொங், கம்புங், காம்போங் எனப் பலவாறு எழுதப்படுகிறது. 'கம்பம்' என்று தமிழாக்கிக்கொண்ட பேச்சுவழக்கும் நம்மிடையே உண்டு. மலையின் பெயரோ கேமரன் மலை, கேமரன் ஹைலண்ட்ஸ், கெமரன் ஹைலண்ஸ் என்று விரிகிறது. ஒன்றைத் தட்டச்சிட்டுத் தேடுவார்க்கு ஏனையவை தென்படா. மேலும் திரங்கானு மாநிலத்தின் பெசூட் மாவட்டத்திலும் ஒரு கம்போங் ராஜா உள்ளது. ஆதலின் கிட்டும் சிலவற்றுள்ளும் பிற ஊர்ச்செய்தி கலந்திருக்கக்கூடும். தோட்டங்களைப் பொறுத்தவரை இச்சிக்கல் இன்னும் ஆழமானது. பதிவேட்டிலுள்ள ஆங்கிலப் பெயர் ஒன்றாகவும், தொழிலாளர் வழக்கிலுள்ள தமிழ்ப்பெயர் வேறொன்றாகவும் இருப்பதை மலேசியத் தோட்டப்புறத்தை அறிந்தோர் நன்கறிவர்.

இரண்டாவது, தமிழ்ச்சொல்லின் இயல்பு. 'தோட்டம்' என்று தேடினால் 'தோட்டத்தில்', 'தோட்டத்தார்' ஆகியன அகப்படா. வேற்றுமை ஏற்கும்போது மகர ஈறு கெட்டுச் சாரியை பெறுவதை நன்னூல் கற்ற மாணவர் அறிவர். தேடுபொறிக்கு அதனை யாரேனும் கற்பித்தாக வேண்டும். 'தேயிலைத் தோட்டம்' ஓரிடத்தில் பிரித்தும் ஓரிடத்தில் சேர்த்தும் அச்சிடப்பட்டிருப்பதும் இவ்வகையினதே.

மூன்றாவது, எழுத்துருவம். தமிழக அரசு 1978ஆம் ஆண்டு ஆணையிட்டுத் திருத்திய 13 எழுத்துகளுள் 'லை' ஒன்று. அதற்கு முன்னர் அது துதிக்கை வடிவில் அச்சிடப்பட்டது. பெரியாரின் குடி அரசு 1935ஆம் ஆண்டு முதலே திருத்திய எழுத்தைக் கையாண்டது எனினும், மலேசியாவில் அது பரவலானது 1978க்குப் பின்னரே. 'தேயிலை', 'மலை' என்னும் இரு சொற்களும் இந்த 'லை'யில் முடிவதைக் கருதுக. இன்றைய அச்செழுத்தைக் கொண்டு பயிற்றப்பட்ட எழுத்துணரி மென்பொருள் பழைய வடிவத்தில் தடுமாறும். எனவே கேமரன் மலையின் வரலாற்றைத் தேடுவார்க்கு இன்றியமையாத இரு சொற்களே பிழைபட வாசிக்கப்படும் வாய்ப்பு மிகுதி. இதனோடு ஒருங்குறிக் குறியேற்றத்தின் நுட்பம் ஒன்றும் சேர்கிறது. 'போ' என்பதன் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் உள்ளிடலாம். இரட்டைச்சுழிக் கொம்பும் காலுமாக இரு குறியீடுகளாகவும் உள்ளிடலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. தரப்பாடும் இரண்டையும் சமமாகவே கொள்கிறது. ஆயினும் அவற்றை ஒருநிலைப்படுத்தாத தேடுபொறி வேறுவேறு சொற்களாகக் கொள்ளும். 'கம்போங்' என்னும் பெயரின் நடுவிலேயே இவ்வெழுத்து நிற்கிறது.

இருவேறு முன்மாதிரிகள்

1998ஆம் ஆண்டு பொங்கலன்று தொடங்கப்பட்ட மதுரைத் திட்டம் தன்னார்வலர்களைக் கொண்டு நூல்களைத் தட்டச்சிட்டு வெளியிட்டது. தட்டச்சிட்ட பாடம் ஆதலின் தேடலுக்கு உகந்தது. ஆனால் அச்சுப்பதிப்பின் பக்க எண்கள் பல கோப்புகளில் இல்லாமையால் ஆய்வேட்டில் மேற்கோள் காட்டுவோர் மீண்டும் அச்சுநூலை நாட வேண்டியுள்ளது. இலக்கியத்தைப் படிப்பதற்கு இது பெருங்கொடை. நாளிதழ்களுக்கோ இம்முறை இயலாத ஒன்று.

ஈழத்தவரால் 2005ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட நூலகம் திட்டம் மேற்கொண்ட வழி நமக்கு மிகவும் பொருந்துவதாகத் தோன்றுகிறது. இதழின் பக்கங்கள் படிமங்களாகவே உள்ளன. எனினும் ஒவ்வோர் ஆவணத்திற்கும் ஒரு நூலக எண்ணும், ஆவணத்தை விவரிக்கும் தனிப்பக்கமும் தரப்படுகின்றன. பல இதழ்களுக்கு அப்பக்கத்தில் உள்ளடக்கம் தட்டச்சிடப்பட்டுள்ளது. கட்டுரைத் தலைப்புகள் அகப்பட்டால் போதும். அவற்றின்வழி படிமத்தைச் சென்றடையலாம். எழுத்துணரி முழுமை பெறும்வரை காத்திருப்போம் என்று கூறுவோரிடம் நான் உடன்படவில்லை. ஒரு திருவிழா மலரின் உள்ளடக்கத்தைத் தட்டச்சிட ஒரு மாணவருக்கு அரைமணி நேரம் ஆகும். அவ்வுழைப்பை இளங்கலை மாணவரின் பயிற்சிப் பணியாக ஏற்பதில் துறைகளுக்கு என்ன தடை?

சிங்கப்பூர்த் தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் கவனிக்கத்தக்கது பக்க முகவரியின் அமைப்பு. நாளிதழின் பெயரும் ஆண்டு, மாதம், நாள் ஆகியனவும் முகவரியிலேயே அமைகின்றன. அடிக்குறிப்பில் அதனைக் காணும் வாசகர் தளத்தைத் திறவாமலே எந்நாளைய இதழ் என்பதை அறியலாம். பொருளற்ற எழுத்தும் எண்ணும் விரவிய நீண்ட முகவரிகளைத் தரும் தளங்கள் இதனைப் பின்பற்றலாம். முகவரி மட்டும் நிலைத்தால் போதாது என்பதையும் சொல்ல வேண்டும். 2023ஆம் ஆண்டு அக்டோபரில் பிரிட்டிஷ் நூலகம் இணையத் தாக்குதலுக்கு உள்ளானபோது அதன் மின்மயச் சேவைகள் பல நீண்டகாலம் கிட்டாமற் போயின. ஆகவே இதழின் பெயர், நாள், பக்க எண் ஆகியவற்றையும் முகவரியோடு ஆய்வேட்டில் எழுதும் பழைய வழக்கத்தைக் கைவிடலாகாது.

விடுபட்டவற்றைக் கூறுதல்

வெளிநாட்டில் முனைவர் பட்ட ஆய்வின்பொருட்டு நுண்படச் சுருள்களைச் சுழற்றிய காலத்தில் சலிப்புத் தந்த ஒன்றின் பயன் இப்போது விளங்குகிறது. சுருளின் தொடக்கத்தில் எந்தெந்த இதழ்கள் விடுபட்டன என்னும் குறிப்பு இருக்கும். இன்றைய ஆவணப்பக்கங்கள் பலவற்றில் அக்குறிப்பு இல்லை. 'முடிவுகள் ஏதுமில்லை' என்று திரை காட்டும்போது, அவ்வாண்டு இதழே இல்லையா, இதழ் இருந்தும் எழுத்துணரி வாசிக்கவில்லையா, உண்மையிலேயே செய்தி இல்லையா என்பதை வாசகர் வேறுபடுத்தி அறிய வழியில்லை. வரலாற்றாய்வில் இம்மூன்றும் மூன்று வெவ்வேறு முடிவுகளுக்கு இட்டுச் செல்வன. ஒவ்வோர் இதழுக்கும் ஆண்டுவாரியான இருப்புப் பட்டியலை முகப்பிலேயே வைப்பது பெருஞ்செலவு பிடிக்கும் பணியன்று.

கோப்பின் அளவையும் சுருங்கக் கூறலாம். நூறு பக்க மலரை ஒரே கோப்பாக இறக்கினால்தான் ஒரு பக்கத்தைப் படிக்கலாம் என்னும் ஏற்பாடு, மலைப்பகுதியில் கைப்பேசியைக் கொண்டு பாடம் தயாரிக்கும் ஆசிரியருக்குப் பயன்படாது. பக்கம் பக்கமாகத் திறக்கும் வசதி வேண்டும்.

இவை அனைத்திலும் முதலில் செய்யத்தக்கது ஊர், தோட்டப் பெயர்களின் தரப்பட்டியல் என்பதே என் கருத்து. மலாய், ஆங்கிலப் பதிவுப் பெயர், தமிழ் எழுத்து வேறுபாடுகள், தொழிலாளர் வழக்குப் பெயர், மாவட்டம் ஆகியவை ஒரே பதிவில் இணைக்கப்பட்டால், எவ்வடிவில் தேடினும் எல்லா வடிவங்களும் கிட்டும். பகாங்கின் கம்போங் ராஜாவும் பெசூட்டின் கம்போங் ராஜாவும் தனித்தனியே நிற்கும். இதனைக் கணினியாளர் மட்டும் செய்ய இயலாது. வழக்குப் பெயர்கள் தோட்டத்தில் வாழ்ந்த முதியோரின் நினைவிலேயே எஞ்சியுள்ளன. அவற்றைக் கேட்டு எழுதும் வாய்ப்பு அவ்வட்டாரத் தமிழாசிரியர்க்கே உண்டு. கேமரன் மலையின் தோட்டங்களை மட்டும் எடுத்துக்கொண்டால், ஒரு பள்ளி விடுமுறைக்குள் முடிக்கத்தக்க பட்டியல் அது.