கதிரைக் குறுக்கினால் காவல் வலுக்குமா?

நீண்ட மதில்களுக்கு அகச்சிவப்புக் கதிரைக் காவல் வைப்பது பழகிப்போன முறை. ஒரு முனையில் எல்.இ.டி., மறுமுனையில் ரிசீவர். குறுக்கே ஆள் நுழைந்தால் கதிர் அறுபட்டு சைரன் அலறும். 2016இல் பஞ்சாப் எல்லையில், வேலி போட முடியாத ஆற்றுப் பகுதிகளில் எல்லைப் பாதுகாப்புப் படை அமைத்த கதிர் அரணும் இந்த வகைதான். கண்ணுக்குத் தெரியாது, பள்ளம் தோண்டவோ சுவர் எழுப்பவோ வேண்டாம் என்பது இதன் பெரிய பலம்.

சிக்கல் தூரத்தில்தான் தொடங்குகிறது. விரிந்து செல்லும் கதிர் 10 மீட்டரில் தரும் ஒளியில் நூற்றில் ஒரு பங்கே 100 மீட்டரில் கிட்டும். எனவே லென்ஸ் வைத்துக் குவித்தே ஆகவேண்டும். ஆனால் குறுக்கக் குறுக்க வலு கூடும் என்று நம்புவது சரியல்ல.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எல்.இ.டி. சில்லு 0.3 மி.மீ., லென்ஸின் குவியத் தூரம் 50 மி.மீ. என்றால், 100 மீட்டரில் ஒளிவட்டத்தின் அகலம் சுமார் 60 செ.மீ. அதே விட்டத்தில், குவியத் தூரம் 100 மி.மீ. உள்ள லென்ஸைப் போட்டால் வட்டம் 30 செ.மீ. ஆகிவிடும். ஆனால் லென்ஸ் சில்லைவிட்டு விலகுவதால், அது வாங்கும் ஒளியும் ஏறக்குறைய கால் பங்காகிவிடும். பரப்பும் கால், ஒளியும் கால். வட்டத்தின் நடுவில் பிரகாசம் அப்படியேதான் இருக்கும். அதைக் கூட்டுவது லென்ஸின் பரப்பு மட்டுமே.

குறுக்கியதற்கு விலையும் உண்டு. வெயிலில் கம்பம் பாகையில் பத்தில் ஒரு பங்கு சாய்ந்தாலே, 100 மீட்டரில் கதிர் 17 செ.மீ. விலகிவிடும். 60 செ.மீ. வட்டம் அதைத் தாங்கும், 30 செ.மீ. வட்டமோ ரிசீவரைத் தவறவிடும். லேசரின் கதிர் இன்னும் மெல்லியது, சீரமைப்பது அதைவிடக் கடினம். கண்ணுக்குத் தெரியாத ஒளி என்பதால் இமையும் தானாக மூடாது. ஆற்றல் மிகுந்தால் விழித்திரைக்கு ஆபத்து.

ரிசீவர் பக்கம் கதை வேறு. அங்கே பார்வை குறுகினால் வெயில் உள்ளே புகுவது குறையும். கதிரைத் துடிப்புகளாக அனுப்பினால், மாறாத சூரிய ஒளியை மின்சுற்று பிரித்து ஒதுக்கிவிடும். ஆனாலும் காலையிலும் மாலையிலும் சூரியன் நேராக லென்ஸில் விழுந்தால் உணரி திணறிப்போகும்; கருவியைக் கிழக்கு மேற்காக வைக்காமலிருப்பதே நல்லது. பறவை பறந்தாலே அலறுவதைத் தடுக்க இரண்டு கதிர்களை வைத்து, இரண்டும் ஒருசேர அறுபட்டால் மட்டும் ஒலிக்கச் செய்கிறார்கள். மூடுபனிக்கு அப்படி மாற்று வழி கிடையாது. அதன் துளிகள் இந்தக் கதிரின் அலைநீளத்தைவிடப் பெரியவை; அகச்சிவப்பு என்பதற்காக வழிவிடுவதில்லை.

ஆகவே கதிரின் மெல்லிய வடிவம் காவலின் தரத்துக்கு அளவுகோல் ஆகாது. இரு முனையிலும் அகன்ற லென்ஸ், அசையாத கம்பம், தெளிந்த நாளின் ஒளியில் நூற்றில் ஒரு பங்கு வந்தாலும் இயங்கும் கையிருப்பு: இவை இருந்தால் நம்பலாம். இல்லாவிட்டால், பெட்டியில் போட்டிருக்கும் தூரத்தில் பாதிக்கே கருவியைப் பயன்படுத்துவது புத்திசாலித்தனம்.